ஒட்டும் மணல், ஒட்டாத மணல்

என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். 1970களின் இறுதியில் தோட்டம் கைமாறியபோது, அவர் ஈப்போவுக்குத் தெற்கே லஹாட் பக்கம் ஓர் அமாங் ஆலைக்கு வேலைக்குப் போனார். வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவாராம். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்து, பேராக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகு ஜாகா வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் ஜாகாதான்.

அமாங் என்றால் என்னவென்று கிந்தா பள்ளத்தாக்குக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மண்ணைக் கரைத்து ஈயத்தாதுவை எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு அந்தப் பெயர். நெடுங்காலம் அதைக் கழிவென்று கொட்டிவைத்திருந்தார்கள். பிறகுதான் அதற்குள் இருப்பவற்றுக்கும் விலை உண்டு என்று தெரிந்து, உலர்த்திப் பிரிக்கும் ஆலைகள் வந்தன. பிரிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது காந்தம்.

"மெசின்ல பெல்ட்டு ஓடும் தம்பி. மேல காந்தம் இருக்கும். மொத சுத்துல கறுப்பு ஒட்டிக்கும். கரண்ட ஏத்துனா மஞ்சளு ஒட்டும். எதுக்கும் ஒட்டாம ஓடுது பாரு, அது வெள்ள மணலு. ஒன்னொன்னுக்கும் ஒரு வெல."

தாத்தா சொன்ன கறுப்பு, இல்மனைட். ஒட்டாமல் ஓடிய வெள்ளை, சிர்கான். நடுவில் வந்த மஞ்சளில் இரண்டு உண்டு: செனோடைம், மோனசைட். இந்த இரண்டும் காந்தத்துக்கு ஏன் அசைந்து கொடுக்கின்றன என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அவற்றுக்குள் அருமண் தனிமங்கள் இருக்கின்றன. செனோடைம் அடிப்படையில் இட்ரியம் பாஸ்பேட். இட்ரியத்துக்குச் சொந்தமாகக் காந்தத்தன்மை கிடையாது. ஆனால் அதனோடு ஒட்டுக்குடித்தனம் இருக்கும் டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், எர்பியம் எல்லாம் நல்ல காந்தத் தனிமங்கள். தாத்தாவின் பெல்ட்டிலிருந்து மஞ்சள் மணலைத் தூக்கியது அவைதான்.

இந்தப் பெயர்களை நான் முதலில் படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில், இறுதியாண்டு ஆய்வுக்காக. பாடமெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும்தான். சூப்பர்கண்டக்டருக்குத் தமிழில் மீகடத்தி என்று பெயர் இருப்பதே எனக்குப் பட்டம் வாங்கிய பிறகுதான் தெரியும். சில பொருள்களைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால் மின்தடை ஒரேயடியாகப் பூஜ்யம் ஆகிவிடும். அதுதான் மீகடத்தி. எனக்குக் கொடுத்த வேலை எளிது. இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்த பிரபலமான சேர்மம் ஒன்றைச் சுட்டு வில்லையாக்கி, திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மின்தடை எங்கே மறைகிறது என்று அளக்க வேண்டும். ஏறக்குறைய 92 கெல்வின். செல்சியஸில் சொன்னால் கழித்தல் 181. அதன் மேல் ஒரு காந்தத்தை வைத்தால் அந்தரத்தில் மிதக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்ட முடியாத ஒரே வித்தை அது.

கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. இட்ரியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடோலினியத்தைப் போட்டு இன்னொரு வில்லை செய்ய வேண்டும். கடோலினியம் வலுவான காந்தத் தனிமம். காந்த அணு புகுந்தால் மீகடத்தல் செத்துப்போகும் என்று பாடப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதனால் அந்த வில்லை வெறும் கல்லாகத்தான் இருக்கும் என்ற முடிவோடுதான் அளந்தேன். அதுவும் 92 கெல்வின் பக்கத்திலேயே மின்தடையை இழந்தது. இரண்டு வில்லைகளும் மாறிப்போய்விட்டன என்று நினைத்தேன். பென்சிலால் நான் போட்ட அடையாளத்தையே நான் நம்பவில்லை. கடோலினியம் வில்லையைக் குப்பையில் போட்டுவிட்டு, அறிக்கையில் இட்ரியத்தை மட்டும் எழுதினேன்.

வாய்மொழித் தேர்வில் விரிவுரையாளர் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். கடோலினியத்திலும் அது வேலை செய்யும் என்பது 1987லேயே உலகத்துக்குத் தெரிந்த விஷயம். நான் குப்பையில் போட்டது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நூலகத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இன்று ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். எந்த அளவீடு நிஜம், எது வெறும் இரைச்சல் என்று பிரிப்பதுதான் நாள் முழுக்க வேலை. அந்த வில்லையை நினைக்காத வாரம் குறைவு.

அதற்குப் பிறகுதான் காந்தமும் மீகடத்தலும் ஒரே பொருளுக்குள் வாழ்ந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

*

1911இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தைக் குளிரவைத்து, 4.2 கெல்வினில் அதன் மின்தடை மறைவதைக் கண்டார். காந்தப்புலம் ஓர் அளவுக்கு மேல் போனால் இந்த நிலை குலையும் என்பதும் சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. 1933இல் மைஸ்னரும் ஓக்சென்ஃபெல்டும், மீகடத்தி தன் உடம்புக்குள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகிறது என்று காட்டினார்கள். ஆக, பகை இரண்டு பக்கமும் உண்டு. இது காந்தத்தை விரட்டும். காந்தம் வலுத்தால் இதை அழிக்கும்.

ஏன் என்பதற்கு 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை சொன்னார்கள். மீகடத்தியில் எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடுவதில்லை, இரண்டிரண்டாக இணைகின்றன. இணையில் ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கி இருந்தால் மற்றதன் சுழற்சி கீழ்நோக்கி இருக்கும். கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் எதிரெதிராக நின்றால்தான் கோல் தட்டும். நடுவில் ஒருவர் புகுந்து எல்லாரையும் ஒரே பக்கம் திரும்பி நிற்கச் சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். காந்த அணு செய்வது அதைத்தான். தன்னைக் கடந்துபோகும் எலக்ட்ரான்களின் சுழற்சியைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறது. இணை உடைகிறது.

அடுத்த வருடமே, 1958இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பெர்ன்ட் மாத்தியாஸ், சூல், கோரன்ஸ்விட் ஆகியோர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். லாந்தனம் ஒரு மீகடத்தி. அதில் நூறு அணுவுக்கு ஓர் அணு என்ற கணக்கில் மற்ற அருமண் தனிமங்களை ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். கடோலினியம் கலந்ததில் மீகடத்தல் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காந்த வலு என்று மட்டும் பார்த்தால் டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும்தான் கடோலினியத்தைவிடப் பெரியவர்கள். ஆனால் அவை அந்த அளவுக்குச் சேதம் செய்யவில்லை. கடோலினியத்தில் ஏழு எலக்ட்ரான்கள் இணையில்லாமல் ஒரே திசையில் சுழல்கின்றன. சுழற்சியில் அதுதான் முதலிடம். சேதத்தின் அளவை முடிவு செய்வது சுழற்சி என்பது அந்தப் பட்டியலிலிருந்து தெரிந்தது.

மாத்தியாஸ் புதிய மீகடத்திகளைத் தேடுவதையே வாழ்க்கையாக வைத்திருந்த மனிதர். தேடுபவர்களுக்கு அவர் விதிகள் சொன்னதாக இன்றும் பேசிக்கொள்வார்கள்: ஆக்சிஜன் பக்கம் போகாதே, காந்தத்தின் பக்கம் போகாதே, மின்காப்புப் பொருள்களின் பக்கம் போகாதே, கோட்பாட்டாளர்களின் பக்கமும் போகாதே. கடைசி விதியை எங்கள் தொழிற்சாலையில் ஒட்டிவைக்கலாம். ஆனால் விதி சொன்னவரே மீறினார். 1977இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் எர்பியம், ரோடியம், போரான் சேர்ந்த ஒரு சேர்மத்தை ஆராய்ந்த குழுவில் மாத்தியாஸின் பெயரும் இருக்கிறது. அது 8.7 கெல்வினில் மீகடத்தியாகிறது. இன்னும் குளிர்த்திக்கொண்டே போனால் 0.9 கெல்வின் பக்கம் எர்பியம் அணுக்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி, பொருள் இரும்பைப் போலக் காந்தமாகிவிடுகிறது. அந்த இடத்தில் மீகடத்தல் போய், மின்தடை திரும்பி வருகிறது. ஜெனிவாவில் இஷிகாவாவும் ஃபிஷரும் ஹோல்மியம், மாலிப்டினம், கந்தகச் சேர்மத்தில் அதே கதையை அதே வருடம் கண்டார்கள்.

குளிரக் குளிர மீகடத்தல் வலுக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இங்கே குளிர்ந்ததாலேயே அது செத்தது. இரண்டும் ஒரே வீட்டில் வாழவே முடியாது என்ற பழைய எண்ணத்துக்கு இது சாட்சியா, அல்லது காந்த அணு வீட்டுக்குள் இருந்தும் 8.7 கெல்வினிலிருந்து 0.9 கெல்வின் வரை இரண்டும் குடித்தனம் நடத்தியதே, அதற்குச் சாட்சியா? இரண்டு மாதிரியும் படிக்கலாம். எனக்குப் பின்னதுதான் சுவாரசியம்.

1986, 87இல் செம்பு ஆக்சைடு மீகடத்திகள் வந்தன. நான் சுட்ட வில்லை அந்தச் சாதி. ஓட்டம் நடப்பது செம்பும் ஆக்சிஜனும் இருக்கும் தளத்தில். கடோலினியம் அந்தத் தளத்தை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பதால் அதன் காந்தம் உறைப்பதில்லை. நான் குப்பையில் போட்டதற்கு விளக்கம் இவ்வளவே. ஆனால் செம்பே தன்னளவில் காந்தச் சுழற்சி உள்ள அணு. அந்தச் சுழற்சிகளே இணைகளை உருவாக்குகின்றன என்ற கோட்பாட்டை 1987இல் பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு சேர்ந்து வளர்த்தவர்களில் ஒருவர் ஜி. பாஸ்கரன், பிறகு சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தவர். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். எனக்கு முக்கியமாகப் பட்டது, செம்பைச் சுற்றி உலகமே கூடி நின்றுகொண்டிருந்த அந்த வருடங்களில் பம்பாயில் நடந்த ஒன்று.

*

பம்பாய் கொலாபாவின் கடலோரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, எஸ்.கே. தர், ஆர். விஜயராகவன் முதலானவர்களும், ஐ.ஐ.டி. பம்பாயின் சந்தன் மஜும்தார், பதாலியா ஆகியோரும், பிரான்ஸிலிருந்து கோடார் என்பவரும் சேர்ந்து அருமண், நிக்கல், போரான் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது மீகடத்தியை அல்ல. அருமண்ணின் காந்தக் குணங்கள்தான் அவர்கள் பாடம். அந்த வரிசையில் இட்ரியமும் ஒன்று. அதற்குக் காந்தம் கிடையாது என்பதால் மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பொருள். சொல்லப்போனால் தராசில் வைக்கும் படிக்கல்.

இட்ரியம் ஒன்று, நிக்கல் நான்கு, போரான் ஒன்று. இந்தப் படிக்கல் 12 கெல்வின் பக்கம் வந்தபோது மின்தடை விழுந்தது. காந்த அளவீட்டிலும் மீகடத்தியின் சாயல் தெரிந்தது. ஆனால் மிக மெலிதாக. மாதிரி முழுவதும் மீகடத்தியாகவில்லை. அதில் ஏதோ ஒரு சிறு பகுதி மட்டும்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்து உட்கார்ந்தேன். இப்படி ஓர் அளவீடு என் மேசைக்கு வந்தால் நான் என்ன எழுதுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். 'கலப்படம். மாதிரியை மாற்றவும்.' அதுவும் நிக்கல் இருக்கும் பொருள். சாதாரண வெப்பத்திலேயே காந்தமாக இருக்கும் உலோகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் நிக்கல் ஒன்று. அது நிறைந்த பொருளில் 12 கெல்வினில் மீகடத்தலா? செம்பு ஆக்சைடை விட்டுவிட்டு உலோகச் சேர்மங்களை மட்டும் பார்த்தால், அன்றைய உச்சமே 1973இல் நயோபியம் ஜெர்மானியத்தில் கண்ட 23 கெல்வின்தான். அதில் பாதிக்கு இந்தக் கலப்படத் துளி வந்து நிற்கிறது.

அவர்களும் அதைக் கலப்படம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள்: எதன் கலப்படம்? இட்ரியம், நிக்கல், போரான் மூன்றையும் வைத்து அதுவரை தெரிந்த எந்தச் சேர்மமும் இந்த வெப்பநிலையில் மீகடத்தியாகாது. அப்படியென்றால் நாம் போடாத நான்காவது ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான். சந்தேகம் கார்பன் மேல் விழுந்தது. தடயமாக எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு வரும் தனிமம் அது. சோதிக்க ஒரே வழி, கலப்படத்தை வேண்டுமென்றே கலப்பது. மூலப்பொருள்களோடு கொஞ்சம் கார்பனையும் சேர்த்து மின்வில் உலையில் உருக்கினார்கள். இந்த முறை மெலிதாக இல்லை. பொருளின் கணிசமான பகுதி மீகடத்தியானது. கலவை விகிதத்தை மாற்றியதில் 13 கெல்வின் வரை ஏறியது.

கட்டுரைகளின் தலைப்புகளிலேயே இந்தப் பயணம் தெரிகிறது. 1993இல் வந்த முதல் கட்டுரையின் தலைப்பில் இட்ரியம், நிக்கல், போரான் மூன்றுதான். 1994 ஜனவரியில் பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்ததில் கார்பன் நான்காவதாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே ஜனவரி மாதம் நேச்சர் இதழில் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் காவாவும் குழுவினரும் இதே குடும்பத்தைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார்கள். நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் போட்ட ஒன்று 23 கெல்வினைத் தொட்டது. இருபது வருடம் நின்ற உச்சத்துக்குச் சமம். பம்பாய் மாதிரிகள் பல சேர்மங்களின் கலவையாக இருந்தன. அதில் மீகடத்தியாவது எது என்று துல்லியமாகப் பிரித்து, அதன் படிக அமைப்பைக் கண்டு சொன்னது பெல் குழு: இட்ரியம் ஒன்று, நிக்கல் இரண்டு, போரான் இரண்டு, கார்பன் ஒன்று. தூய்மையான அந்தச் சேர்மம் 15.5 கெல்வின் பக்கம் மீகடத்தியாகிறது. நிக்கலும் போரானும் ஓர் அடுக்கு, அருமண்ணும் கார்பனும் அடுத்த அடுக்கு, மாறி மாறி. இந்த அமைப்பில் மாட்டிக்கொண்ட நிக்கல் தன் காந்தத்தையே இழந்துவிடுகிறது.

யார் முதலில் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. கார்பனின் கையைப் பிடித்து வெளியே இழுத்தது பம்பாய்; அதற்கு முகம் வரைந்தது பெல். இரண்டும் நடந்திருக்காவிட்டால் கதை இல்லை. ஆனால் பொது வாசகர்களுக்காக எழுதப்படும் அறிவியல் கட்டுரைகளில் இந்தச் சேர்மங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நேச்சரிலிருந்து தொடங்குவதைப் பார்க்கிறேன். துறைக்குள் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுகிறார்கள், அது நியாயம். ஆசிரியர் பட்டியலில் நாகராஜன், விஜயராகவன் என்ற பெயர்களைப் பார்த்ததும் ஒரு கணம் என் கண் அங்கேயே நின்றது என்பதையும் மறைக்கவில்லை. பெயரைப் பார்த்துச் சந்தோஷப்படுவது பொறியியல் ஆகாது. பட்டுவிட்டேன்.

*

1994 ஜனவரி என்று படித்தபோது வேறொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்து மக்களுக்கு அந்த மாதம் வேறு காரணத்துக்காகத் தெரியும். லஹாட் அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை மூடப்பட்ட மாதம் அது.

தாத்தாவின் பெல்ட்டில் ஒட்டிய மஞ்சள் மணல் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அது. 1982இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை, அமாங்கிலிருந்து வந்த மோனசைட்டைக் கரைத்து அருமண் பொருள்களைப் பிரித்தது. மோனசைட்டில் அருமண்ணோடு தோரியமும் இருக்கும். தோரியம் கதிரியக்கத் தனிமம். பிரித்தால் கழிவில் மிஞ்சும். அந்தக் கழிவைப் பாபான் அருகே வைக்கத் திட்டமிட்டபோது 1984இல் அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். 1985இல் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வழக்கில் ஜெயித்த பிறகும் அடுத்த மாதமே நிறுவனம் ஆலையை மூடிவிட்டது. கிளேடாங் மலைப்பக்கம் புதைத்த கழிவைப் பாதுகாக்கும் வேலை அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது.

பம்பாயில் உருக்கிய இட்ரியம் எங்கள் மண்ணிலிருந்து போனது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு செய்திக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இந்தத் தனிமங்களை ஆய்வகப் புட்டியில் வெள்ளைப் பொடியாக மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு, அவற்றுக்கு ஒரு முன்கதை உண்டு என்று உறைத்தது அப்போதுதான். தேவையில்லாதது என்று ஒதுக்கிய கார்பனை ஓரிடத்தில் துருவிப் பார்த்தார்கள். இன்னோரிடத்தில் தோரியத்தை யாராவது கணக்கில் எடுக்கவேண்டும் என்பதற்கு எட்டுப் பேர் நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. சுங்கை சிப்புட் என்றால் வரலாறு படித்தவர்கள் 1948ஐயும் அவசரகாலத்தையும் சொல்வார்கள். கறுப்பு மணலுக்கு அந்த மாதிரி ஒரு தேதி இல்லை. அதில் வேலை செய்தவர்கள் இருமிக்கொண்டே கிழவர்கள் ஆனார்கள். உலர்த்தும் அடுப்பின் தூசு எப்படி இருக்கும் என்று தாத்தாவிடம் கேட்டேன். "மூக்குல துணி கட்டிக்குவோம்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை.

*

இட்ரியத்துக்குப் பதிலாக நிஜமான காந்த அணுக்களைப் போட்டபோதுதான் இந்தக் குடும்பத்தின் முழு அழகும் வெளியே வந்தது. துலியம் போட்டால் 11 கெல்வின். எர்பியம் போட்டாலும் அதற்குப் பக்கத்தில். ஹோல்மியம் போட்டால் 8. கடோலினியம் போட்டால் மீகடத்தலே இல்லை. 1958இன் முரடன் இங்கேயும் முரடன்தான். செம்பு ஆக்சைடில் கடோலினியம் ஒதுங்கி இருந்த மாதிரி இங்கே ஒதுங்க இடமில்லை. காந்த அணுக்களும் ஓடும் எலக்ட்ரான்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பேசிக்கொண்டே சேர்ந்தும் இருக்கின்றன.

அது எப்படி முடிகிறது? ஹோல்மியத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அடுக்கில் இருக்கும் ஹோல்மியம் அணுக்கள் எல்லாம் ஒரு திசையில் திரும்பி நிற்கும். அடுத்த அடுக்கில் இருப்பவை அதற்கு நேர் எதிர்த்திசையில். அதற்கடுத்தது மறுபடி பழைய திசை. எலக்ட்ரான் இணை என்பது சின்ன உருண்டை இல்லை. பத்து அடுக்குகளுக்கு மேல் பரந்து கிடப்பது. அந்தப் பரப்புக்குள் இந்தப் பக்கம் இழுப்பவர்களும் அந்தப் பக்கம் இழுப்பவர்களும் சரிசமமாக இருந்தால், நிகர இழுப்பு பூஜ்யம். கோலாட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

ஆனால் ஹோல்மியம் அந்த ஒழுங்குக்கு ஒரே தாவலில் வருவதில்லை. 8 கெல்வினில் மீகடத்தியாகிறது. 6 கெல்வினுக்குக் கீழே அதன் காந்தத் திசைகள் அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஒரு சுருள் படிக்கட்டு மாதிரி அமைகின்றன. இந்தக் குழப்பமான இடைவெளியில், 5 கெல்வின் பக்கம், மீகடத்தல் நலிந்து மின்தடை திரும்பிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் குளிர்ந்ததும் அடுக்குகள் சரியாக எதிரெதிராக நின்றுவிடுகின்றன. போன மீகடத்தல் திரும்பி வந்துவிடுகிறது. நியூட்ரான்களைப் பாய்ச்சி, அணுக் காந்தங்கள் நிற்கும் திசையைப் படித்து இதைக் கண்டுபிடித்தார்கள். 1977இல் எர்பியம் ரோடியம் சேர்மத்தில் போனது போனதுதான். இங்கே போய்த் திரும்புகிறது.

டிஸ்ப்ரோசியம் இன்னும் வேடிக்கை. முதலில் 10 கெல்வின் பக்கம் காந்த ஒழுங்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, 6 கெல்வின் பக்கம், அந்தக் காந்த வீட்டுக்குள்ளேயே மீகடத்தல் பிறக்கிறது. 1995இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் சோ, கேன்ஃபீல்ட், ஜான்ஸ்டன் மூவரும் ஒற்றைப் படிகத்தில் இதைக் காட்டினார்கள். எர்பியம் சேர்மத்தில் 2.3 கெல்வினுக்குக் கீழே ஒரே திசையில் இழுக்கும் மெல்லிய காந்தம்கூட மீகடத்தலோடு சேர்ந்திருப்பதையும் ஏம்ஸ் குழுவே சொன்னது. இந்தக் குடும்பத்தில் எதையும் மின்கம்பியாக்கி ஊருக்கு ஒளி கொடுக்க முடியாது. அவ்வளவு குளிர் யாருக்கும் கட்டுபடியாகாது. 'இதனால் என்ன பிரயோசனம்' என்று கேட்டால் பொறியாளனாக எனக்குப் பதில் இல்லை. 2008இல் ஜப்பானில் ஹொசோனோவின் குழு இரும்பும் ஆர்சனிக்கும் இருக்கும் சேர்மத்தில் 26 கெல்வினில் மீகடத்தலைக் கண்டபோது, இரும்பா என்று உலகம் வாயைப் பிளந்தது. லாந்தனத்தின் இடத்தில் காந்த அணுவான சமாரியத்தைப் போட்டதும் 55 கெல்வினுக்கு ஏறியது. ஹோல்மியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் ஏற்கனவே பார்த்திருந்தவர்களுக்கு அந்த வாய் கொஞ்சம் குறைவாகப் பிளந்திருக்கும்.

*

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தாவிடம் பழைய பிரில்கிரீம் போத்தல் ஒன்று இருக்கிறது. ஆலையை விட்டு வந்தபோது கொண்டுவந்த மஞ்சள் மணல் அதற்குள் ஒரு பிடி. அவர் அதை செனோடைம் என்று சொல்லமாட்டார். "நல்ல மணலு" என்பார். போத்தலை வாங்கிப் படுக்கை அறையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் வைக்கச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சமாதானப்படுத்த, பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பிரித்த நியோடிமியம் காந்தம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதுவும் அருமண் குடும்பம்தான். ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத் தாளில் கொட்டி, காந்தத்தை மேலே கொண்டுபோனேன். மணிகள் முதலில் தயங்கின. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து நின்று, துள்ளி ஒட்டிக்கொண்டன.

ஹோல்மியத்தின் கதையை அவருக்குப் புரியும்படி சொன்னேன். எட்டில் ஒரு குணம், ஐந்தில் அந்தக் குணம் போய்விடும், இன்னும் குளிர்ந்தால் திரும்ப வந்துவிடும் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று சந்தேகம். கண் தாளிலேயே இருந்தது. தாளின் ஓரத்தில் ஏழெட்டு மணிகள் ஒட்டாமல் கிடந்தன.

"அது சிர்கான் தாத்தா, ஒட்டாது."

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். விரல் நுனியால் ஒரு மணியை உருட்டினார்.

"இல்லடா. இதும் மஞ்சளுதான். ஒன் காந்தம் பத்தல. இன்னும் கரண்ட ஏத்தணும்."